மூன்றாம் மாடியிலிருந்து சொட்டுவது

ஏசித் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்று
கத்திரி வெயிலில் சண்டை வந்தது,
எங்கள் லாட்ஜுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே
ஒருக்களித்தால் மட்டும் ஒரு ஆள் போகிற சந்தில்.

அதுவரை யாருக்கும் வேண்டாத தண்ணீர் அது.
தஸ்தகீர் பாய் கடை வாசலில் சொட்டி
யாரோ ஒருவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டை நனைத்து
வாரம் ஒருமுறை எனக்கு வசவு வாங்கித் தந்தது.

அதற்கு முதலில் வாளி வைத்தவர் ரேபா தீதி.
அறை 304. ஊர் மால்டா.
வந்த காரணம்: கணவரின் சிறுநீரகம்.
தங்கும் நாட்கள் என்ற கட்டத்தில்
கேள்விக்குறி போட்டிருந்தேன்.
ஆஸ்பத்திரியைச் சுற்றிய லாட்ஜுகளில்
அது வழக்கம்தான்.

அவருக்குத் தெரிந்த தமிழ் நான்கு சொல்:
தண்ணி, எவ்ளோ, வேணாம், போதும்.
அதை வைத்தே குடித்தனம் நடத்தினார்.
கடைக்காரன் பை நீட்டினால், வேணாம்.
பழைய லுங்கியில் தைத்த பை
தோளில் எப்போதும் கிடக்கும்.
நான் குழாயை முழுசாய்த் திறந்தால்
மாடிப்படியிலிருந்தே, போதும்.

தள்ளுவண்டியில் வாங்கிய கொடிப்பசலையை ஆய்ந்துவிட்டு
தடித்த தண்டை மட்டும் பெயிண்ட் டப்பாவில் நட்டார்.
காய்த்தோல், முட்டை ஓடு, வடித்த டீத்தூள்
எல்லாம் ஓட்டை டிரம்முக்குள் போயின.
நாறும் என்று மேனேஜரிடம் சொன்னேன்.
நாறவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

குப்பை வண்டி நவநீதம் அக்கா
அரை மூட்டை உரம் கொண்டுவந்து இறக்கிவிட்டு
என்னைப் பார்த்தாள்:
"மக்குறது வேற, மக்காதது வேறன்னு
தமிழ் தெரிஞ்ச உனக்கு எத்தினி வாட்டி சொன்னேன்?
தமிழ் தெரியாத அந்தம்மாவுக்குப் புரியுது."

பேப்பரில் நூற்றெட்டு டிகிரி.
பாலாறு மணலாகவே படுத்துக் கிடந்தது.
தொள்ளாயிரம் அடி போர்
காற்றை இருமிவிட்டு நின்றுபோனது.
லாரிக்காரன் போனை எடுக்கவில்லை.

அன்றுதான் எல்லோர் கண்ணும் வாளி மேல் விழுந்தது.
இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமாமே என்றார் பாய்.
படிக்கட்டு துடைக்க வேண்டும் என்றேன் நான்.
என் சுவர், உங்கள் பைப், எங்கள் கரண்டு பில்
என்று குரல் ஏறியது.
ரேபா தீதி இறங்கி வந்து
வாளிக்குள் எட்டிப் பார்த்து
எங்கள் இருவரையும் பார்த்து
ஒரே ஒரு சொல் கேட்டார்:
எவ்ளோ?

ராத்திரி முழுக்கச் சொட்டி ஒன்பது லிட்டர்.
அதற்கா இத்தனை என்று
எங்களுக்கே வெட்கமாகிவிட்டது.

கொடி செத்துப்போன கேபிள் வயரைப் பிடித்து
ஜெராக்ஸ் பலகைக்குப் போய்
'ஜெ'வை முதலில் விழுங்கியது.
பாய் வெட்டவில்லை.
முக்காலியை நிழலுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இதில் வேடிக்கை, 304-இன் அந்த மனிதருக்குக்
கீரையே ஆகாது.
டயாலிசிஸ்காரர், பொட்டாசியம்.
பறித்ததெல்லாம் 107-க்கும் 210-க்கும்
நவநீதம் அக்காவின் தூக்குவாளிக்கும் போனது.
அவர் ஜன்னலோரம் படுத்து
இலையின் நிழலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள் கிளம்பினார்கள்.
கேள்விக்குறியை அடித்துவிட்டு எழுதினேன்:
நூற்றிருபத்தோரு நாள்.
இருவராக வந்தார்கள்,
இருவராகவே போனார்கள்.
என் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

304-க்கு இப்போது திரிபுராக் குடும்பம்.
ஏசி வேண்டாமாம், வாடகை கட்டாது, ஃபேன் போதும்.
நல்லதுதானே, பூமிக்கும் அதுதானே நல்லது
என்று சாவியைக் கொடுத்தேன்.
நான்காம் நாள் கொடி தலை தொங்கியது.
இந்தக் கணக்கை எந்தப் பக்கம் எழுதுவது
என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

107 அரிசி கழுவிய நீரை எடுத்து வைக்கிறது.
மாலையில் நான் ஒரு சொம்பு.
பகலில் எட்டிப் பார்த்தால்
லுஹருக்கு ஒளு செய்கிற பாய்
முழங்கையிலிருந்து வழிவது
ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகாமல்
காலால் வாளியைத்
தள்ளித் தள்ளி
நகர்த்திக்கொண்டிருக்கிறார்.